பிளானர் வாங்கியும் வேலை நடக்கவில்லையா? கோளாறு வாரியாகப் பார்ப்போம்

டிசம்பரில் பிளானர் வாங்கிப் போனவர் மார்ச்சில் திரும்பி வந்து, "அக்கா, இது எனக்குச் சரிப்பட்டு வரல, வேற மாதிரி இருக்கா?" என்று கேட்பது மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் எங்கள் ஃபோட்டோஸ்டேட் கடைக்குப் பழகிப்போன விஷயம். உடனே இன்னொன்றை எடுத்துக் கொடுத்தால் எனக்கு வியாபாரம்தான். ஆனால் கோளாறு என்ன என்று பார்க்காமல் மாற்றிக் கொடுத்தால் அதே ஆள் ஜூனில் மறுபடி வந்து நிற்பார், அப்போது திட்டு எனக்குத்தான். அதனால் முதலில் பழையதைக் கொண்டுவரச் சொல்லிவிடுவேன்.

பழைய பிளானரை மேசையில் வைத்து ஒரு தடவை புரட்டினாலே பாதி தெரிந்துவிடும். எழுத்து எந்தப் பக்கத்தோடு நின்றுபோயிருக்கிறது, எந்தக் கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் ஏறியிருக்கிறது, உள்ளே என்னென்ன துண்டுச் சீட்டு செருகிக் கிடக்கிறது என்று பாருங்கள். அப்புறம் கீழே உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம், எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலிலும் காசு கேட்கும் காரணத்தைப் பின்னாலும் வைத்திருக்கிறேன். புதுசு வாங்குவது எப்போதும் கடைசி வேலை, கடைக்காரி நானே சொல்கிறேன்.

## கோளாறு 1: ஜனவரி முழுக்க எழுத்து, பிப்ரவரியிலிருந்து வெள்ளைத் தாள்

### எங்கே வைத்திருக்கிறீர்கள்?

பெரும்பாலும் விஷயம் இங்கேயே முடிந்துவிடும். இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து எழுந்திருக்காமல், பிளானர் கண்ணில் படுகிறதா? கைப்பைக்குள், அலமாரிக்குள், டிவி மேசை இழுப்பறைக்குள் என்றால் அது அங்கேயேதான் கிடக்கும். தினமும் தவறாமல் போகிற இடம் ஒன்று எல்லாருக்கும் உண்டு, இப்போதெல்லாம் அது போன் சார்ஜ் போடுகிற இடம். அங்கே இந்த வாரப் பக்கத்தைத் திறந்தபடி வையுங்கள், பேனாவை நூலில் கட்டி அதோடு தொங்கவிடுங்கள். ஹென்றியேட்டா தோட்டத்து அம்மா ஒருவர் ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து, துணி காயப்போடும் கிளிப்பில் பிளானரைத் திறந்தபடி மாட்டியிருக்கிறார். அட்டையெல்லாம் மஞ்சள் கறை, ஓரம் முழுக்க எண்ணெய் விரல். ஆனால் டிசம்பர் கடைசி வாரம் வரைக்கும் எழுத்து இருக்கிறது.

### எப்போது எழுதுகிறீர்கள்?

"நேரம் கிடைக்கும்போது" என்பது பதிலே இல்லை. ஏற்கெனவே நடக்கிற ஒரு வேலையோடு சேர்த்துவிடுங்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை பள்ளி என்பதால் சனிக்கிழமை இரவு யூனிஃபார்ம் அயர்ன் பண்ணாத வீடு கிடையாது, அந்த அயர்ன் பெட்டி சூடாகிற நேரம் ஒரு வாரத்தை எழுதி முடிக்கத் தாராளமாகப் போதும்.

### தாள் உங்கள் வாழ்க்கையை விடப் பெரிதாக இருக்கிறதா?

ஒரு நாளுக்கு ஒரு பக்கம் கொடுக்கிற தடித்த பிளானரைத்தான் எல்லாரும் ஆசையாக எடுக்கிறார்கள். எழுதிய நாட்களில் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை வரி வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நாலு வரிக்குக் கீழே என்றால் உங்களுக்கு வாரப் பிளானர் போதும், வாரத்துக்கே நாலு வரிதான் என்றால் மாதக் கட்டமே போதும். பத்து வரியைத் தாண்டுகிறவர்களுக்குத்தான் நாள் பக்கம். பாதி வெள்ளையாகக் கிடக்கிற பக்கம் உங்களைச் சோம்பேறி என்று சொல்வது போல இருக்கும், இரண்டு வாரம் அதைப் பார்த்தால் யாருக்கும் பிளானரைத் திறக்கவே மனம் வராது.

வாங்கிவிட்டீர்கள், வீசவும் மனமில்லையா? ஒரு பக்கத்தை ஏழாகக் கோடு போட்டு ஒரு வாரமாக்கிக்கொள்ளுங்கள், அச்சடித்த தேதியின் மேல் ஒரு கோடு. அசிங்கமாகத்தான் இருக்கும், வேலை நடக்கும்.

### ரொம்ப அழகாக இருக்கிறதா?

தங்க ஓரம், தோல் அட்டை, பரிசாக வந்தது. கெடுத்துவிடுவோமோ என்ற பயம். முதல் பக்கத்தில் பேனா எழுதுகிறதா என்று கண்டபடி கிறுக்கிவிடுங்கள், பயம் அதோடு போய்விடும்.

### இது எதுவுமே இல்லை என்றால்

தேதி அச்சிடாத பிளானர் வாங்குங்கள். மூன்று வாரம் விட்டுப்போனாலும் தாள் வீணாகாது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வெற்று நோட்டுப் புத்தகத்திலேயே எல்லாம் செய்கிற புல்லட் ஜர்னல் முறையும் உண்டு, ரைடர் கரோல் என்ற வடிவமைப்பாளர் 2013-இல் வெளியிட்டது. கோடு போடுவதில் சந்தோஷப்படுகிறவர்களுக்கு அது நல்ல வழி. கோடு போடச் சோம்பல்படுகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம், இரண்டாவது மாதம் கட்டம் வரைவதே ஒரு தனி வேலையாகிவிடும்.

## கோளாறு 2: ஒரு கட்டம் நிரம்பி வழிகிறது, பக்கத்துக் கட்டம் காலி

### ஞாயிறு வழிகிறது, வெள்ளி காலி

இது கெடாக்காரர்களின் கோளாறு. பிளானரில் பிழை எதுவும் இல்லை, வேறு ஊருக்குச் செய்தது, அவ்வளவுதான். நமக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும், பள்ளியும் அரசாங்க அலுவலகமும் ஞாயிறு தொடங்கி வியாழனோடு முடிகின்றன. கடையில் கிடைக்கிற வாரப் பிளானர்களில் பெரும்பாலானவை திங்களில் தொடங்கும். திங்கள் முதல் வெள்ளி வரை பெரிய கட்டம் கொடுத்துவிட்டு, சனியையும் ஞாயிறையும் கீழ் மூலையில் அரைக் கட்டமாக நெருக்கி வைத்திருக்கும். ஆக, வீட்டில் எல்லாரும் தூங்குகிற வெள்ளிக்குப் பெரிய இடம். பள்ளிக் கட்டணம், கிளினிக், நகராண்மைக் கழகம் என்று ஓடுகிற ஞாயிறுக்கு இரண்டு விரல் அகலம். அதைவிட மோசம், வாரத்தின் முதல் வேலை நாளான ஞாயிறு போன வாரப் பக்கத்தின் கடைசியில் உட்கார்ந்திருக்கும். சனி இரவு பக்கத்தைத் திருப்பிவிட்டால் ஞாயிறு கண்ணிலேயே படாது.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. எல்லாக் கட்டத்தையும் ஒரு நாள் முன்னால் தள்ளிவிடுங்கள். உதாரணத்துக்கு 2026 ஜனவரி 5 திங்கள் என்று அச்சாகியிருக்கும் கட்டத்தில் 4 ஞாயிறு என்று திருத்துங்கள், செவ்வாய்க் கட்டத்தைத் திங்களாக்குங்கள், இப்படியே போனால் பெரிய கட்டங்கள் ஐந்தும் ஞாயிறு முதல் வியாழன் வரை வந்துவிடும், கீழே இருக்கிற இரண்டு சின்னக் கட்டம் வெள்ளிக்கும் சனிக்கும் கச்சிதமாகப் பொருந்தும். முழு ஆண்டையும் ஒரே மூச்சில் திருத்த வேண்டாம், மாதம் ஒருமுறை நாலைந்து வாரத்தைத் திருத்தினால் போதும். சிவப்புப் பேனாவில் திருத்துங்கள், இல்லாவிட்டால் அவசரத்தில் அச்சடித்த தேதியைப் பார்த்து ஏமாந்துவிடுவீர்கள்.

பிள்ளைகள் ஜொகூரில் இருந்தால் ஒரு விஷயம்: அங்கேயும் 2014-இலிருந்து வெள்ளி, சனிதான் விடுமுறையாக இருந்தது, 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. அவர்களுக்கு அனுப்புகிற பிளானரில் இந்தத் திருத்தம் தேவையில்லை.

### வீட்டிலேயே இரண்டு விதமான வாரம்

பாடாங் செராயில் இது சர்வ சாதாரணம். அப்பா எல்லை தாண்டி பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் வேலை, அவருக்கு சனி ஞாயிறு லீவு. பிள்ளைகள் இங்கே பள்ளி, அவர்களுக்கு வெள்ளி சனி. குடும்பத்துக்குப் பொதுவாக இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான், கல்யாணம், சந்தை, ஈப்போவில் இருக்கும் பாட்டி எல்லாம் அந்த ஒரு நாளில் வந்து விழும். இவர்களுக்கு மேலே சொன்ன தள்ளு வேலை ஒத்துவராது, ஏனென்றால் தள்ளினாலும் சனி சின்னக் கட்டத்தில்தான் இருக்கும். ஏழு நாளுக்கும் ஒரே அளவு கட்டம் உள்ள பிளானர்தான் வேண்டும். இங்கே காசு செலவழிப்பதில் தப்பில்லை.

விடுமுறையையும் சரிபாருங்கள். ஜூலை 7 ஜார்ஜ்டவுன் பாரம்பரிய தினம் பினாங்கில் விடுமுறை, இங்கே வேலை நாள். மாற்று விடுமுறை விழும் கிழமையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பள்ளி விடுமுறைப் பட்டியலில் கெடா 'ஏ' குழுவிலும் பினாங்கு 'பி' குழுவிலும் வரும். நோன்புப் பெருநாள் தேதி பிறை பார்த்துத்தான் உறுதியாகும், அச்சில் இருப்பதைப் பென்சிலில் எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் அச்சடித்த பிளானரில் நம் விடுமுறை எதுவுமே இருக்காது, அவர்களுடைய விடுமுறைதான் இருக்கும்.

### ஷிப்ட் வேலை

காலை எட்டு முதல் இரவு எட்டு வரை மணி அச்சடித்த பிளானரை வாங்கிக்கொண்டு, இரவு ஏழு முதல் காலை ஏழு வரை வேலை பார்க்கிற தம்பிகள் நிறையப் பேர். பேனா வைக்கவே இடமிருக்காது. முதலில் மணியைக் கண்டுகொள்ளாமல் கட்டத்தை வெறும் கட்டமாகப் பயன்படுத்திப் பாருங்கள். அப்புறம் மாதப் பக்கத்தில், வேறு எதையும் எழுதுவதற்கு முன்னால், ஷிப்ட் அட்டவணையை ப, இ, ஓ என்று ஒரே எழுத்தில் நிரப்பிவிடுங்கள்: பகல், இரவு, ஓய்வு. கிளினிக் தேதி கொடுக்கும்போது அந்த எழுத்தைப் பார்த்துத்தான் தலையாட்ட வேண்டும்.

நள்ளிரவைத் தாண்டும் ஷிப்ட்டை எந்தத் தேதியில் எழுதுவது என்ற குழப்பம் வரும். வேலை தொடங்குகிற தேதியில் எழுதுங்கள், எப்போதும் அப்படியே. ஒரு வாரம் இப்படி, ஒரு வாரம் அப்படி என்று மாற்றினால்தான் "இன்னைக்கு எனக்கு ஓய்வுன்னு நினைச்சேன்" என்று மேனேஜர் முன்னால் நிற்க வேண்டிவரும். அடுத்து வாங்கும்போது மணி அச்சடிக்காததாக வாங்குங்கள்.

### ஏழு நாளில் அடங்காத சுற்று

செம்பனைக் குலை வெட்டும் சுற்று பத்து முதல் பதினாலு நாள். மழை பெய்தால் தள்ளும், ஆள் இல்லாவிட்டால் இன்னும் தள்ளும். சொந்தமாக நாலைந்து ஏக்கர் வைத்திருப்பவர்கள் இதை வாரப் பிளானரில் எழுதப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள், ஏனென்றால் போன வெட்டு எப்போது என்று பார்க்க இரண்டு பக்கம் பின்னால் போக வேண்டும்.

இதற்குத் தோட்டத்திலேயே மருந்து இருக்கிறது. தோட்டக் கணக்கர் கிராணி எழுதுகிற செக்ரோல், அதாவது ஆள் வருகைப் பதிவேடு, நினைவிருக்கிறதா? இடது பக்கம் பெயர்கள், மேலே 1 முதல் 31 வரை தேதி, வந்த நாளுக்கு ஒரு குறி. பெயருக்குப் பதிலாக நிலத்தின் பகுதிகளை எழுதுங்கள், வெட்டிய நாளில் குறி போடுங்கள். ஒரு மாதம் ஒரே பார்வையில் வந்துவிடும், எந்தப் பகுதி தள்ளிப்போகிறது என்று இடைவெளியே காட்டிக்கொடுக்கும். உரம், அப்பாவின் இனிப்புநீர் (சர்க்கரை நோய்) சோதனை, கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, டியூஷன் போன நாள் எல்லாவற்றுக்கும் இதே தாள் போதும். பிளானரின் பின்பக்கத்தில் மாதம் ஒன்று ஒட்டிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், விலைகூடிய பிளானர்களில் பழக்கங்களைக் குறித்துவைக்க என்று தருகிற பக்கங்களை விட இது தெளிவு.

## கோளாறு 3: எழுதித்தான் வைத்தேன், ஆனாலும் மறந்துபோச்சு

எந்த நாளில் எழுதினீர்கள்? சிரிக்காதீர்கள், இது நிறைய நடக்கிறது. கிளினிக்கில் சொன்ன தேதியை, சொன்ன நாளின் கட்டத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள். "அடுத்த செக்கப் ஆகஸ்ட் 12" என்று மே மாதப் பக்கத்தில் இருந்தால் ஆகஸ்டில் யார் பார்ப்பது? மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து வருகிற எதுவும் மாதப் பக்கத்துக்குத்தான் முதலில் போக வேண்டும். உங்கள் பிளானரில் முன்னால் மாதப் பக்கம் இல்லையென்றால் பன்னிரண்டு மாதத்தையும் அச்சடித்து ஒட்டிவிடலாம். அடுத்த ஆண்டுக்குப் போகிறவற்றுக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல்.

கடைசி நாளை மட்டும் எழுதினீர்களா? ரோட்டேக்ஸ், மோட்டார் இன்சூரன்ஸ், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் இரண்டு இடத்தில் எழுதுங்கள், முடிகிற நாளிலும் அதற்கு இரண்டு வாரம் முன்னாலும். பாஸ்போர்ட்டுக்கு இன்னும் முன்னால், பல நாடுகள் ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்று கேட்கின்றன.

எத்தனை இடத்தில் எழுதுகிறீர்கள்? சுவரில் திதி, நட்சத்திரத்தோடு தமிழ்க் காலண்டர், கையில் பிளானர், போனில் ஒன்று, பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒன்று. நாலையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சந்தேகம் வந்தால் எதை நம்புவது என்று வீட்டில் ஒரே முடிவு இருக்க வேண்டும். கோயில் திருவிழா, காதுகுத்து, பதினாறாம் நாள் எல்லாம் வீட்டுக்குப் பொது, அவை சுவரில் இருக்கட்டும். சனி இரவு பிளானர் எழுதும்போது சுவரைப் பார்த்து அந்த வாரத்தை இறக்கிக்கொள்ளுங்கள்.

மணி தவறக் கூடாத விஷயமா? தாள் சத்தம் போடாது. மூன்றரைக்குப் பிள்ளையை ஏற்ற வேண்டும் என்றால் அதற்குப் போன் அலாரம்தான். பிளானரை நம்புவதில் இருக்கிற பிடிவாதத்தை இங்கே காட்ட வேண்டாம்.

எப்போது ஆளைப் பார்க்க வேண்டும்? மருந்து போட்டோமா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டுவிடுகிற பெரியவர்களுக்குப் பிளானர் தீர்வே இல்லை. மருந்தகத்தில் கேட்டு நாள், வேளை பிரித்த மாத்திரைப் பெட்டி வாங்குங்கள். ஒரே கேள்வியை அரை மணிக்குள் திரும்பத் திரும்பக் கேட்கிறார், பழகிய வழியில் தடுமாறுகிறார் என்றால் அது வயசுக் கோளாறு என்று ஒதுக்காமல் அரசாங்க கிளினிக்குக் கூட்டிப்போங்கள்.

## கோளாறு 4: எழுத்து காணாமல் போகிறது, பரவுகிறது, நனைகிறது

### நேற்று இருந்த எழுத்து இன்று இல்லை

அழிக்கக்கூடிய பேனாவா என்று பாருங்கள், முனையில் ரப்பர் மாதிரி ஒன்று இருக்கும். பைலட் ஃபிரிக்ஷன் போன்ற பேனாக்களின் மை சூட்டில் நிறமிழக்கிற வகை, தேய்க்கும்போது வருகிற சூட்டில்தான் அது மறைகிறது. 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் தேய்க்காமலேயே மறைந்துவிடும். மத்தியான வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டுக்கு அந்தச் சூடு ஒன்றும் பெரிதில்லை, மோட்டார் சீட்டுக்கு அடியில் வைப்பதும் ஆபத்துதான்.

பதற வேண்டாம், மை போகவில்லை, நிறம்தான் போயிருக்கிறது. பிளானரை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே பத்து, இருபது டிகிரி குளிரில் நிறம் திரும்பும். ஒரு சின்னச் சங்கடம், நீங்கள் வேண்டுமென்றே அழித்ததும் சேர்ந்து திரும்பி வரும். எடுத்ததும் திறக்காதீர்கள், பையோடு அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் தாளில் நீர் பூக்கும். பணக் கணக்குக்கும் கையெழுத்துக்கும் இந்தப் பேனா வேண்டவே வேண்டாம்.

### செருகி வைத்த சீட்டு வெள்ளையாகிவிட்டது

ரசீது, கிளினிக் நம்பர் சீட்டு எல்லாம் சூட்டில் அச்சாகிற தாள். வெளிச்சத்திலும் சூட்டிலும் மங்கும், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம் மங்கும். வாங்கிய அன்றே நகல் எடுங்கள் அல்லது தேதியையும் தொகையையும் பிளானரில் எழுதுங்கள்.

### மை பின்பக்கம் தெரிகிறது, கை பட்டால் இழுக்கிறது

முதலில் பேனாவை மாற்றுங்கள். ஜெல் பேனா 0.7 என்றால் 0.5 அல்லது 0.38-க்கு இறங்குங்கள், அல்லது சாதாரண பால்பாயிண்டுக்குப் போங்கள். ஜெல் மை நம் ஈரக்காற்றில் காய நேரமெடுக்கும், இடது கையால் எழுதுகிறவர்கள் ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் முந்தின வரியைத் துடைத்துவிடுவார்கள். பேனா மாற்றியும் போகவில்லை என்றால் தாளைப் பாருங்கள். நகல் எடுக்கிற தாள் சதுர மீட்டருக்கு 70 அல்லது 80 கிராம். அதற்குக் கீழே போகிற மலிவுத் தாளில் மை ஊறும். ஆனால் கிராம் மட்டும் கணக்கில்லை. ஜப்பானின் டோமோஎ ரிவர் தாள் 52 கிராம்தான், ஊற்றுப்பேனா மையைக்கூடத் தாங்கும், என்ன, காய்வதற்கு இன்னும் அதிக நேரம் எடுக்கும். கடையில் வாங்கும்போது கடைசிப் பக்கத்தின் மூலையில் உங்கள் பேனாவால் ஒரு கோடு போட அனுமதி கேளுங்கள். விடாத கடையில் விலைகூடியதை வாங்காதீர்கள்.

### மழையில் நனைந்துவிட்டது

சாயத்தில் செய்த ஜெல் மை கரைந்து ஓடும், பால்பாயிண்ட் எழுத்து பெரும்பாலும் தாங்கும். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்புக்கு, இருட்டிலேயே மோட்டாரில் போகிறவர்கள் பால்பாயிண்டோ பென்சிலோ வைத்துக்கொள்வதே மேல். நனைந்ததை வெயிலில் விரிக்காதீர்கள், தாள் அலை அலையாகிவிடும். நிமிர்த்தி வைத்து, சில பக்கத்துக்கு ஒரு டிஷ்யூ செருகி, காற்றாடிக்கு முன்னால் வையுங்கள், டிஷ்யூவை மாற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு நாளைக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். உடனே காயவைக்க வசதியில்லை என்றால் இதையும் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்து நேரம் வாங்கலாம். பழைய பிளானர்களை அட்டைப் பெட்டியில் போட்டுத் தரையில் வைத்தால் ராமபாணப் பூச்சி வரும், மேல் தட்டில் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

## கோளாறு 5: பிளானர் வீட்டில், நான் வெளியில்

எடைதான் காரணம். ஏ5 அளவில் நாளுக்கு ஒரு பக்கம் என்றால் 183 தாள். 80 கிராம் தாளில் ஒரு ஏ5 தாள் இரண்டரை கிராம், அட்டை இல்லாமலேயே 450 கிராமைத் தாண்டுகிறது. அதைத் தண்ணீர் போத்தலோடும் சாப்பாட்டு டப்பாவோடும் யார் தூக்குவது?

ஏ6-க்கு இறங்கலாம், 105க்கு 148 மில்லிமீட்டர், சட்டைப் பையில் முட்டிக்கொண்டு நிற்கும், கைப்பைக்கு நல்லது. கையெழுத்து பெரிதாக இருப்பவர்களுக்கு ஏ6 ஆகாது. அவர்களுக்கு நான் சொல்வது அரை ஆண்டுப் பிளானர். 26 வாரத்துக்கு 52 பக்கம், ஆறு மாதத்துக்கு 12 பக்கம், மொத்தம் 64. ஏ4 தாளை மடித்தால் நாலு பக்கம் என்பதால் 16 தாளில் முடிந்துவிடும், எடை 80 கிராம். ஃபோட்டோஸ்டேட் கடையில் நீளக்கை ஸ்டேப்ளர் இருக்கும், நடுவில் இரண்டு ஊசி அடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறில் தொடங்கி நீங்கள் கேட்கிற மாதிரி கட்டம் போட்டுக்கொள்ளலாம் என்பது இதில் இன்னொரு லாபம்.

## கோளாறு 6: பக்கம் கழன்று வருகிறது

ஒன்றிரண்டு தாள் என்றால் வெள்ளைப் பசையை ஓரத்தில் மெல்லிய கோடாகத் தடவி, செருகி, மேலே கனமான ஏதாவது வைத்து ஒரு இரவு விடுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், நம் சூட்டில் அதன் பசை வழிந்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும். சூப்பர் குளூவும் வேண்டாம், காய்ந்ததும் தாள் அந்த இடத்தில் ஒடியும்.

கொத்தாகக் கழன்றால் அது வெறும் பசையில் ஒட்டிய புத்தகம், ஒட்ட ஒட்ட அடுத்த கொத்து வரும். கடையில் கொடுத்து முதுகை வெட்டி கம்பி வளையம் போடச் சொல்லுங்கள், ஆனால் எழுத்து முதுகு வரை போயிருந்தால் துளை அதன் மேல் விழும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வளையக் கோப்பு வகையில் வளையத்தின் வாய் பொருந்தாமல் தாள் மாட்டிக் கிழிகிறதா? குறட்டால் நெளிக்காதீர்கள், ஒரு தடவை விலகியது மறுபடி விலகும், மாற்றிவிடுங்கள். மறுநிரப்புத் தாள் வாங்கும்போது துளை இடைவெளியை அளந்து வாங்குங்கள். ஏ5 ஆறு வளையத்தில் நடு இடைவெளி 70 மில்லிமீட்டர், சின்னதான பெர்சனல் அளவில் 51, ஒன்று இன்னொன்றில் போகாது. ஷாப்பி இணையக் கடையில் படத்தைப் பார்த்து வாங்கி, மாட்ட முடியாமல் என்னிடம் கொண்டுவருகிறவர்கள் உண்டு. சாதாரண இரண்டு துளை பஞ்ச் 80 மில்லிமீட்டர் இடைவெளி, ஏ4-ஐப் பாதியாக வெட்டி அதில் துளை போட்டு இரண்டு வளைய ஏ5 கோப்பில் வைத்தால் மறுநிரப்புக்கு வாழ்நாள் முழுக்க யாரையும் தேட வேண்டாம்.

## கோளாறு 7: எல்லாவற்றையும் மாற்றியாச்சு, ஒன்றும் ஒட்டவில்லை

எழுதுவது எல்லாம் தவணை, கடன், பாக்கி என்று இருந்து, அந்தப் பக்கத்தைத் திறக்கவே பயமாக இருக்கிறதென்றால், அதற்குப் பிளானர் மாற்றிப் பயனில்லை. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை அமைப்பு இருக்கிறது, ஆலோசனை இலவசம். சம்பளச் சீட்டையும் கடன் கணக்குகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

சின்ன வயதிலிருந்தே எதையும் முடிக்க முடியாமல், பொருளைத் தொலைத்து, நேரத்துக்கு வர முடியாமல் வேலையும் உறவும் கெடுகிற அளவுக்குப் போகிறதா? கவனக்குறைவுக் கோளாறு பெரியவர்களுக்கும் உண்டு. முன்பு ஒழுங்காக எழுதியவர் திடீரென்று எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம் கெட்டு, வாரக்கணக்கில் இப்படியே இருந்தாலும் சரி, முதலில் கிளினிக் மருத்துவரிடம் சொல்லுங்கள், அங்கிருந்து மேலே அனுப்புவார்கள். இதை "ஒழுங்கில்லாதவன்" என்று திட்டித் தீர்க்க முடியாது.

## வாங்கியே ஆக வேண்டும் என்று முடிவானால்

டிசம்பர் முதல் வாரத்தில் வாங்காதீர்கள். பொங்கல் முடிந்ததும் தேதியிட்ட பிளானர் விலை இறங்கும், அதுவரை ஏ4 தாளில் எழுதி ஓட்டுங்கள். பள்ளி ஆண்டை ஒட்டி எழுதுகிற ஆசிரியர்களும் பெற்றோரும் கவனிக்கவும்: கோவிட்டுக்குப் பிறகு மார்ச், பிப்ரவரி என்று நகர்ந்த பள்ளி ஆண்டு 2026-இல் மறுபடி ஜனவரிக்கு வந்துவிட்டது, அதனால் நடு ஆண்டில் தொடங்குகிற பிளானர்கள் இனி உங்களுக்கு வேண்டியதில்லை.

கடையில் கையில் எடுத்ததும் அட்டையைப் பார்க்காதீர்கள். நடுப்பக்கத்தைத் திறந்து மேசையில் வையுங்கள், கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்கிறதா? மூடிக்கொண்டால் திரும்ப வைத்துவிடுங்கள், அடுப்படியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுத முடியாது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று பாருங்கள். முன்னால் பன்னிரண்டு மாதப் பக்கம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு, கடைசியாக விலையைத் திருப்புங்கள்.